கப்பலே இல்லாத கப்பல் கம்பெனி

நடுவர் அவர்களே, மக்கள் மேல கேஸ் போட வந்திருக்கிற எதிரணி வக்கீல்களே, ஈஸ்ட் ஹாம்லேருந்தும் ஹாரோவுலேருந்தும் டூட்டிங்லேருந்தும் இந்தக் குளிர்ல பொங்கல் விழாவுக்கு வந்திருக்கிற லண்டன் தமிழ் மக்களே, வணக்கம். வணக்கத்துக்கு இது போதும். போன வருஷம் ஒருத்தர் வணக்கம் சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே மணி அடிச்சுட்டாங்க.

தலைப்பு எல்லாருக்கும் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுறதுன்னு, அதாங்க பிரெக்ஸிட்னு, ஓட்டு விழுந்த பிறகு இந்த நாட்டு அரசியல் சந்தி சிரிச்சுதே, அதுக்குக் காரணம் மக்களா, தலைவர்களா? நான் தலைவர்களே அணி. உள்ளதைச் சொன்னா, எந்த அணி குடுத்திருந்தாலும் பேசியிருப்பேன். ஆனா எனக்கு முன்னாடி பேசின எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க, அதுல எனக்கு நிஜமாவே ரோஷம் வந்துடுச்சு.

என்ன கேட்டாங்க? "2016 ஜூன் 23 அன்னைக்கு 1 கோடியே 74 லட்சம் பேர் ஓட்டுச்சாவடிக்குப் போய், பென்சிலை எடுத்து, விலகணும்னு பெருக்கல் குறி போட்டாங்க. தலைவர்கள்தான் காரணம்னா, பென்சிலைப் பிடிச்சது யாரு? டவுனிங் தெரு பத்தாம் நம்பர் வீட்டுப் பூனையா?"ன்னு கேட்டாங்க. நீங்களும் கைதட்டினீங்க. ஒரு ஐயா விசிலே அடிச்சார்.

நடுவர் அவர்களே, அந்தப் பூனை இங்க வந்து பதில் சொல்ல முடியாது. அதனால அது சார்பா நான் ஆஜராகுறேன்.

அதோட பேரு லாரி. பேட்டர்ஸி விலங்குக் காப்பகத்துலேருந்து 2011 பிப்ரவரியில வேலைக்கு வந்தது. அமைச்சரவை அலுவலகத்தின் தலைமை எலிபிடிப்பாளர்னு அதுக்குப் பதவிப் பேரே இருக்கு. அரசாங்க இணையதளத்துலயே போட்டிருக்காங்க. சகோதரி, அந்த வீட்டுல உருப்படியா ஒரே வேலையில நிலைச்சு நின்னது அது ஒண்ணுதான்! 2016 ஜூலையிலேருந்து 2022 அக்டோபருக்குள்ள அந்த வீட்டுக்குப் புதுசா நாலு பிரதமர் குடிவந்தாங்க. தெரேசா மே, போரிஸ் ஜான்சன், லிஸ் ட்ரஸ், ரிஷி சுனக். ஒருத்தர் இருந்தது 49 நாள். அவங்க முகம் அதுக்கு ஞாபகம் இருக்குமான்னுகூடச் சந்தேகம். பெட்டியும் சட்டியுமா ஆளுங்க வர்றதையும் போறதையும் வாசல்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தது.

சரி, பூனைக்கும் பிரெக்ஸிட்டுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. இந்த ஓட்டெடுப்பை நடத்தினவர் அப்பப் பிரதமரா இருந்த டேவிட் கேமரன். முடிவு வந்த அன்னைக்குக் காலையிலேயே ராஜினாமா அறிவிச்சார். ஜூலை 13, பாராளுமன்றத்துல அவருக்குக் கடைசிக் கேள்வி நேரம். பவுண்டு விழுந்து கிடக்குது. ஸ்காட்லாந்துல 62 சதவீதம் பேர் "நாங்க இருக்கத்தான் ஓட்டுப் போட்டோம்"னு கொதிச்சுக்கிட்டு இருக்காங்க. எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் மேல அவர் எம்.பி.க்களே 172 பேர் நம்பிக்கை இல்லைன்னு ஓட்டுப் போட்டிருக்காங்க. அப்ப இவர் ஒரு போட்டோவை எடுத்துச் சபையில காட்டுறார். என்ன போட்டோ? பூனை அவர் மடியில உக்காந்திருக்கிற போட்டோ! அவருக்கு லாரியைப் பிடிக்காதுன்னு யாரோ வதந்தி கிளப்பிட்டாங்களாம். அதுக்கு மறுப்பு! நாடு எங்க போகுதுன்னு ஒருத்தருக்கும் தெரியல, இவர் பூனை விஷயத்துல தன் மேல பழி வந்துடக் கூடாதுன்னு தவிக்கிறார்.

அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இன்னொண்ணு. வாசல்ல மைக் முன்னாடி நின்னு, புதன்கிழமை புதுப் பிரதமர் வந்துடுவாங்கன்னு சொல்லிட்டு வீட்டுக்குள்ள திரும்பினார். சட்டையில குத்தின மைக் ஆஃப் ஆகலை. போகும்போது ஒரு ராகம் முணுமுணுத்துக்கிட்டே போனார். உலகமே கேட்டது. பொண்ணைக் கட்டிக் குடுத்து அனுப்பின அப்பனுக்குக்கூட அன்னைக்கு ராத்திரி தொண்டை அடைக்கும், நடுவர் அவர்களே. இவருக்கு ராகம் வருது!

சகோதரி இன்னொண்ணும் சொன்னாங்க. "ஓட்டுப் போட்டுட்டு, மறுநாள் காலையில ஐரோப்பிய ஒன்றியம்னா என்னன்னு கூகுள்ல தேடின மக்கள் இவங்க"ன்னாங்க. தேடினது உண்மைதான், கூகுளே சொல்லுச்சு. ஆனா தேடினவங்கதான் ஓட்டுப் போட்டவங்கன்னு யார் சொன்னது? ஓட்டு வயசு வராத பிள்ளைங்க தேடியிருக்கலாம். இங்க பல வருஷமா வீட்டுக் குழாய் ரிப்பேர் பண்ணிட்டு, வரி கட்டிட்டு, ஓட்டு மட்டும் இல்லாத போலந்துக்காரர் தேடியிருக்கலாம். ஆமாங்க, அவருக்கு ஓட்டு இல்ல. அயர்லாந்துக்காரங்களுக்கு இருந்துது. காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட்டோட இங்க குடியிருந்த நமக்கும் இருந்துது! சென்னையிலேருந்தும் யாழ்ப்பாணத்துலேருந்தும் வந்து சேர்ந்த வருஷமே ஓட்டுப் போட்டவங்க இந்த ஹால்ல இருக்கீங்க. எந்தப் பெட்டியில குறி போட்டீங்கன்னு கேட்க மாட்டேன், பக்கத்துல வீட்டுக்காரம்மா இருக்காங்க. ஆனா நடுவர் மக்களே காரணம்னு தீர்ப்புச் சொன்னா அந்தத் தீர்ப்பு உங்க தலையிலயும் விழும். கொஞ்சம் யோசிச்சுக் கைதட்டுங்க.

மக்கள்கிட்ட கேட்ட கேள்வி என்ன? இருக்கணுமா, விலகணுமா? அவ்வளவுதான். எப்படி விலகுறது, வரி என்ன, அயர்லாந்து எல்லையில சோதனைச் சாவடி வருமா, இதெல்லாம் அந்தச் சீட்டுல இல்ல. அதையெல்லாம் யோசிக்கத்தானே தலைவர்கள்? விலகல் வந்தா என்ன செய்யுறதுன்னு திட்டமே போட வேண்டாம்னு கேமரன் அரசாங்கம் அதிகாரிகளுக்குச் சொல்லி வெச்சிருந்துது. பாராளுமன்ற வெளியுறவுக் குழு அந்த ஜூலை மாசமே இதைப் பெரும் அலட்சியம்னு அறிக்கையில எழுதிட்டாங்க. விலகல் பக்கம் மட்டும் என்ன வாழுது? வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்கு அனுப்புறோம், அதை ஆஸ்பத்திரிக்குக் குடுப்போம்னு சிவப்பு பஸ்ல எழுதி ஊர் ஊரா ஓட்டினாங்க. முடிவு வந்த அன்னைக்குக் காலையில டிவியில கேட்டா, அந்த வாக்குறுதியே தப்புன்னு விலகல் பக்கத் தலைவர்கள்ல ஒருத்தரான நைஜல் ஃபராஜ் சொல்றார். பஸ்லேருந்து பெயின்ட்டைக்கூட அப்ப அழிச்சிருக்க மாட்டாங்க! போரிஸ் ஜான்சன் விலகணும்னு ஒரு கட்டுரை, இருக்கணும்னு ஒரு கட்டுரை, ரெண்டையும் எழுதிப் பார்த்துட்டுத்தான் எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு முடிவு பண்ணினார். பட்டிமன்றத்துல நாங்ககூட ஒரு பக்கத்துக்குத்தான் தயார் பண்ணிட்டு வர்றோம்!

இப்ப கப்பல் கதைக்கு வர்றேன். இதைச் சொல்லாம இறங்கினா எனக்குச் சாப்பாடு இறங்காது.

2018 டிசம்பர். ஒப்பந்தம் இல்லாமலே வெளியேற வேண்டி வந்தா டோவர் துறைமுகம் அடைச்சுக்கும், சரக்கு லாரியெல்லாம் கென்ட் மாவட்டத்து ரோடு முழுக்க நிக்கும்னு பயம். வேற துறைமுகத்துலேருந்து கூடுதல் கப்பல் விட மூணு கம்பெனிக்கு ஒப்பந்தம் குடுத்தாங்க. அதுல ஒரு கம்பெனிக்கு 1 கோடியே 38 லட்சம் பவுண்டு. ராம்ஸ்கேட்லேருந்து பெல்ஜியத்துல ஆஸ்டெண்டுக்குச் சரக்குக் கப்பல் விடணும். எல்லாம் சரி. ஒரே ஒரு சின்னக் குறை. அந்தக் கம்பெனிகிட்ட கப்பல் இல்ல.

பின் வரிசைக்குக் கேட்டிருக்காது, திரும்பச் சொல்றேன். கப்பல் ஓட்ட ஒப்பந்தம் வாங்கின கம்பெனிகிட்ட, கப்பல், இல்ல.

எனக்கு அந்த நேர்காணலை நினைச்சுப் பார்த்தாலே சிரிப்பு வருது. இது என் கற்பனைதான், எழுதி வெச்சுக்காதீங்க. "தம்பி, உங்ககிட்ட எத்தனை கப்பல் இருக்கு?" "கப்பலா சார்? இல்ல சார்." "சரி, முன்னாடி எங்கயாவது கப்பல் ஓட்டிப் பழக்கம்?" "இல்ல சார்." "அப்ப என்னதான் இருக்கு?" "வெப்சைட் இருக்கு சார்!" "சபாஷ்! இதை முதல்லயே சொல்ல வேண்டாமா? இந்தா பிடி கான்ட்ராக்ட்டு!"

இனி வர்றது கற்பனை இல்ல. அந்த வெப்சைட்டை ஜனங்க போய்ப் பார்த்தாங்க. விதிமுறைகள்னு ஒரு பக்கம். அதுல என்ன இருந்துது தெரியுமா? வாடிக்கையாளர் சாப்பாட்டுக்கோ ஆர்டருக்கோ பணம் குடுக்கிறதுக்கு முன்னாடி பொருளை நல்லா சரிபார்த்துக்கணும்னு போட்டிருந்துது. சாப்பாட்டுக்கு! ஏதோ பார்சல் கடை விதிமுறை கப்பல் கம்பெனியில வந்து உக்காந்திருக்கு. நாற்பது டன் லாரியைக் கொண்டாந்து ராம்ஸ்கேட் கரையில நிறுத்திட்டு அந்த டிரைவர் எதைச் சரிபார்க்கிறது? சட்னி ரெண்டு வகை வந்துதா, சாம்பார் சிந்தாம வந்துதான்னா?

போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் கிரேலிங் என்ன சொன்னார்? புதுசா தொடங்குற ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்தை ஆதரிச்சதுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்னுட்டார். கப்பல் வரலை, ஆனா துறைமுகத்துல தூர் வாருற வேலை மட்டும் ஜனவரியில ஆரம்பிச்சுடுச்சு! அதே மாசம் மேன்ஸ்டன் விமான தளத்துல லாரி நெரிசல் ஒத்திகை வேற. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல லாரி போற டோவருக்கு 89 லாரியை வெச்சு நெரிசல் ஒத்திகை பார்த்தாங்க! பிப்ரவரியில கப்பல் ஒப்பந்தம் ரத்து. ஒப்பந்தம் குடுத்த முறையே சரியில்லன்னு, கடலுக்கடியில ரயில் சுரங்கம் நடத்துற யூரோடனல் கம்பெனி கோர்ட்டுக்குப் போக, அதைச் சமாதானம் பண்ண 3 கோடியே 30 லட்சம் பவுண்டு. நம்ம வரிப் பணம். சகோதரி, இந்தக் கப்பலுக்கு எந்த வாக்காளர் டெண்டர் விட்டார்?

பாராளுமன்றக் கூத்தைச் சுருக்கிச் சொல்லிடறேன், மணியடிக்கிற தம்பி என்னையே பார்க்கிறார். தெரேசா மே 2017 மார்ச்சுல வெளியேறும் நோட்டீஸைக் குடுத்து ரெண்டு வருஷக் கெடுவை ஓட விட்டார். உடனே தேர்தல் வெச்சு இருந்த பெரும்பான்மையையும் தொலைச்சார். அவர் கொண்டுவந்த ஒப்பந்தம் 202க்கு 432ன்னு தோத்துது. இந்த நாட்டு வரலாற்றுல எந்த அரசாங்கமும் சபையில அப்படித் தோத்ததில்ல. சரி, நாங்களே வழி தேடுறோம்னு எம்.பி.க்கள் எட்டு வழியை ஓட்டுக்கு வெச்சாங்க. எட்டுக்கும் பெரும்பான்மை கிடைக்கலை. மக்கள்கிட்ட கேட்டது ஒரு கேள்வி, நல்லதோ கெட்டதோ ஒரு பதில் சொன்னாங்க. படிச்ச மேதைங்க 650 பேர்கிட்ட எட்டுக் கேள்வி, ஒண்ணுக்கும் பதில் இல்ல! பிறகு ஜான்சன் வந்து பாராளுமன்றத்தையே அஞ்சு வாரம் பூட்டப் பார்த்தார். 11 நீதிபதிங்க ஒருமனதா செல்லாதுன்னாங்க.

நடுவர் அவர்களே, இவ்வளவு நேரம் சிரிச்சுட்டோம். சிரிக்க முடியாத ஒண்ணு இருக்கு.

2016 ஜூன் 16. ஓட்டெடுப்புக்குச் சரியா ஒரு வாரம் முன்னாடி. வெஸ்ட் யார்க்‌ஷயர்ல பர்ஸ்டால்னு சின்ன ஊர். தொகுதி மக்களைப் பார்க்க நூலகத்துக்குப் போன எம்.பி. ஜோ காக்ஸை நூலகத்துக்கு வெளியிலயே சுட்டும் குத்தியும் கொன்னுட்டான் ஒருத்தன். அவங்களுக்கு 41 வயசு. பெரிய குழந்தைக்கு அஞ்சு வயசு, சின்னதுக்கு மூணு. கோர்ட்டுல பேர் என்னன்னு கேட்டதுக்கு அவன் சொன்னது, "துரோகிகளுக்கு மரணம், பிரிட்டனுக்கு விடுதலை."

மூணு வருஷம் கழிச்சு, 2019 செப்டம்பர்ல, ஒரு பெண் எம்.பி. பாராளுமன்றத்துல எழுந்தாங்க. துரோகி, சரணாகதின்னெல்லாம் பேசாதீங்க, எங்களுக்குக் கொலை மிரட்டல் வருது, அதுல இதே வார்த்தைங்கதான் இருக்குன்னு ஜோ காக்ஸ் பேரைச் சொல்லிக் கெஞ்சுறாங்க. பிரதமர் ஜான்சன் எழுந்து என்ன சொன்னார்? இவ்வளவு பித்தலாட்டப் பேச்சை என் வாழ்நாள்ல கேட்டதில்லைன்னார்.

தலைவர் அப்படி. மக்கள் எப்படி? அந்த நூலக வாசல்ல கத்தியோட நின்னவனைத் தடுக்க ஓடினது 77 வயசு முன்னாள் சுரங்கத் தொழிலாளி. வயித்துல குத்து வாங்கினார். அவர் யாருன்னு கேட்கிறீங்களா? சகோதரி, நீங்க குத்தம் சொல்ற மக்கள்ல ஒருத்தர்! அந்த ஊர் இருக்கிற கிர்க்லீஸ் பகுதி விலகணும்னுதான் அதிகமா ஓட்டுப் போட்டுது. ஜோ காக்ஸோ இருக்கணும்னு பிரசாரம் பண்ணினவங்க. ஆனா 2021 இடைத்தேர்தல்ல அவங்க தங்கச்சி கிம் லெட்பீட்டர் அதே தொகுதியில நின்னாங்க. அக்காவைப் பறிகொடுத்த அதே தொகுதி ஜனங்ககிட்டயே போய் ஓட்டுக் கேட்டாங்க. 323 ஓட்டு வித்தியாசத்துல அந்த ஜனங்க அவங்களை ஜெயிக்க வெச்சு அக்கா உக்காந்த சபைக்கே அனுப்பினாங்க.

மணி அடிங்க தம்பி, பரவாயில்ல. அந்த 323 பேரைக் குத்தவாளிக் கூண்டுல நிறுத்துற அணிக்கு எவ்வளவு கைதட்டல் வந்தாலும் சரி, என்னால அந்தப் பக்கம் உக்கார முடியாது. நன்றி, வணக்கம்.