பெர்லினில் பிறந்தவர், பீவர் தோல் விற்றவர்: எசேக்கியேல் சாலமன்

[திரையில்: வட அமெரிக்கப் பேரேரிகளின் வரைபடம். மிச்சிகன் ஏரிக்கும் ஹூரான் ஏரிக்கும் நடுவே ஒரு புள்ளி.]

இந்த இரண்டு ஏரிகளும் சந்திக்கும் நீரிணையின் தெற்குக் கரையில், 1715-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கோட்டை கட்டினார்கள். பெயர் மிச்சிலிமாக்கினாக். கோட்டை என்றதும் கற்சுவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நெருக்கமாக நட்ட மரக்கம்பங்கள்தான் மதில். உள்ளே வரிசை வீடுகள், ஒரு கத்தோலிக்கத் தேவாலயம், கொஞ்சம் படைவீரர்கள். ஆனால் கோடை வந்தால் இந்த இடத்தில் கூட்டம் அள்ளும். சுற்றியிருக்கும் காடுகளிலிருந்து வரும் தோல் மூட்டைகளெல்லாம் இங்கேதான் கைமாறும்.

1761 கோடையில் இங்கே வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் எசேக்கியேல் சாலமன். பெர்லினில் பிறந்த யூதர். இன்றைய மிச்சிகன் மாநிலத்தில் வாழ்ந்ததாகத் தெரியவரும் முதல் யூதர் இவர்தான் என்று அங்கே ஒரு நினைவுப் பலகையே வைத்திருக்கிறார்கள். முதல் ஆள் என்பதை விட, அவர் எந்தச் சிக்கலுக்கு நடுவே உட்கார்ந்து வியாபாரம் செய்தார் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுகிறது.

ஏன் சரியாக 1761? அதற்கு முன் அவர் வந்திருக்கவே முடியாது. 1627 முதலே பிரெஞ்சுக் கனடாவில் கத்தோலிக்கர்கள் மட்டுமே குடியேறலாம் என்பது விதி. 1738-இல் எஸ்தர் பிராண்டோ என்ற யூதப் பெண் ஆண் வேடம் போட்டுக் கப்பலேறி கியூபெக்கில் வந்து இறங்கினார். குட்டு வெளிப்பட்டது. மதம் மாறச் சொல்லிப் பார்த்தார்கள், மசியவில்லை. மறு வருடமே அரசர் செலவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1760-இல் மான்ட்ரியல் பிரிட்டிஷார் கைக்குப் போனதும்தான் அந்தக் கதவு திறந்தது. பிரிட்டிஷ் படைக்குப் பொருள் சப்ளை செய்துகொண்டிருந்த யூத வியாபாரிகள் உடனே உள்ளே நுழைந்தார்கள். சாலமன், கெர்ஷோன் லெவி, சாப்மன் ஆபிரகாம், பெஞ்சமின் லயன், லெவி சாலமன்ஸ் என்று ஐந்து பேர் கூட்டுச் சேர்ந்தார்கள்.

[திரையில்: பெரிய பட்டைத் தோணி. இருபுறமும் துடுப்புப் போடும் ஆட்கள்.]

சரி, இவர்கள் விற்றது என்ன, வாங்கியது என்ன? மான்ட்ரியலிலிருந்து கம்பளித் துணி, செம்புக் கெண்டி, துப்பாக்கி, வெடிமருந்து, ரம் எல்லாம் போகும். திரும்பி வருவது பீவர் என்ற நீர்நிலைக் கொறிவிலங்கின் தோல். பீவரின் தோலை ஒட்டி வளரும் அடிமுடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதை அழுத்தித்தான் ஐரோப்பியக் கனவான்களின் தொப்பி செய்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழங்குடி மக்கள் மேலாடையாகப் போட்டுப் பழசாக்கிய தோலுக்குத்தான் ஒரு காலத்தில் மதிப்பு அதிகம். உடம்பில் உராய்ந்து உராய்ந்து வெளிமுடி உதிர்ந்துவிடும், வியர்வையும் எண்ணெயும் ஏறி மென்மையாகிவிடும். தொப்பிக்காரருக்குப் பாதி வேலை மிச்சம்.

தோணி சுமார் 11 மீட்டர் நீளம், பூர்ச்ச மரப்பட்டையால் ஆனது. சரக்கை 90 ராத்தல், அதாவது 41 கிலோ மூட்டைகளாகக் கட்டுவார்கள். ஒட்டாவா ஆறு, நிப்பிசிங் ஏரி, பிரெஞ்சு ஆறு வழியாக ஹூரான் ஏரியைத் தொடுவதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அருவியோ பாறையோ குறுக்கே நிற்கும். அங்கெல்லாம் தோணியையும் சரக்கையும் இறக்கித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு இரண்டு மூட்டை. நெற்றியில் பட்டை கட்டி, முதுகில் 80 கிலோவுக்கும் மேலே.

இந்த வியாபாரம் முழுக்கக் கடனில் ஓடியது. லண்டன் வியாபாரி மான்ட்ரியல், நியூயார்க் வியாபாரிகளுக்குக் கடன் கொடுப்பார். அவர்கள் சாலமன் மாதிரி ஆட்களுக்கு. சாலமன் இலையுதிர் காலத்தில் வேட்டைக்குப் போகும் ஒடாவா, ஒஜிப்வே பழங்குடிக் குடும்பங்களுக்குத் துணியும் வெடிமருந்தும் கடனாகக் கொடுப்பார். குளிர்காலம் முழுக்க அவர்கள் காட்டில். வசந்தத்தில் தோல் வந்தால் கணக்கு நேராகும். வராவிட்டால் சங்கிலி முழுக்க ஆட்டம் காணும். நடுவில் இருப்பவர் மீதுதான் இரண்டு பக்கமும் இடிக்கும்.

வந்த முதல் வருடமே இடித்தது. பிரிட்டிஷ் படை இன்னும் கோட்டைக்கு வந்து சேரவில்லை. வியாபாரிகள் முந்திக்கொண்டு வந்துவிட்டார்கள். கோட்டையில் அப்போது இருந்த பிரிட்டிஷ் தரப்பு வியாபாரிகள் அலெக்சாண்டர் ஹென்றி, ஸ்டான்லி காடார்ட், சாலமன். ஆயுதம் தாங்கிய சுமார் இருநூறு ஒடாவா வீரர்கள் வந்து, தங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஐம்பது பீவர் தோல் மதிப்புள்ள சரக்கைக் கடனாகக் கொடுக்கச் சொன்னார்கள். அடுத்த கோடையில் திருப்பித் தருவதாக வாக்கு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இது வழக்கமான ஏற்பாடு என்பதால் கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூவரும் மறுத்துவிட்டு, வேலையாட்களோடு ஒரு வீட்டுக்குள் துப்பாக்கியும் கையுமாக ராத்திரி முழுக்க விழித்திருந்தார்கள். நல்லவேளையாகப் படை நெருங்கி வரும் செய்தி வந்தது. ஒடாவாக்கள் கிளம்பிப் போனார்கள்.

[திரையில்: கோட்டை வாசலுக்கு வெளியே திறந்த வெளி. பந்தாட்டம்.]

அப்புறம் 1763. பிரெஞ்சுக்காரர்கள் வருடா வருடம் பழங்குடித் தலைவர்களுக்குப் பரிசுப் பொருள் கொடுத்து உறவை வளர்த்தவர்கள். பிரிட்டிஷ் தளபதி ஆம்ஹர்ஸ்ட் அதை வீண் செலவு என்று நிறுத்தினார், வெடிமருந்து விற்பனைக்கும் கட்டுப்பாடு போட்டார். மருந்து இல்லாமல் வேட்டை ஏது? பேரேரிப் பகுதி முழுக்கக் கொதித்தது. ஒடாவா தலைவர் பான்டியாக் டெட்ராய்ட் கோட்டையை முற்றுகையிட்டார்.

மிச்சிலிமாக்கினாக்கின் தளபதி எதரிங்டனுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை போயிருந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜூன் 2 அன்று ஒஜிப்வேக்களும் சாக் இனத்தாரும் கோட்டைக்கு வெளியே லக்ரோஸ் மாதிரியான பந்தாட்டம் ஆடினார்கள். எதரிங்டனே வெளியே நின்று வேடிக்கை பார்த்தார். பந்து வாசல் பக்கம் பறந்தது, ஆட்டக்காரர்கள் அதைத் துரத்தி ஓடினார்கள். பெண்கள் போர்வைக்குள் மறைத்து வைத்திருந்த கோடரிகள் கைக்கு வந்தன. லெப்டினன்ட் ஜாமெட், பதினைந்து சிப்பாய்கள், டிரேசி என்ற வியாபாரி ஆகியோர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. குறி யார் மேல் என்பதில் தெளிவாக இருந்தார்கள்.

சாலமன் பிழைத்தார், கைதியானார். அவரது தோலும் சரக்கும் பறிபோயின. தங்களைக் கலக்காமல் இதைச் செய்துவிட்டார்களே என்று கடுப்பான ஒடாவாக்கள், கைதிகளை ஒஜிப்வேக்களிடமிருந்து தங்கள் பொறுப்பில் வாங்கிக்கொண்டார்கள். ஆகஸ்ட் நடுவில் மான்ட்ரியலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரண்டு வருடம் முன்பு கடன் மறுக்கப்பட்டவர்களும் இதே ஒடாவாக்கள்தான்.

அதே வருடம் கூட்டாளி சாப்மன் ஆபிரகாமும் டெட்ராய்ட் பக்கம் தோணிச் சரக்கோடு பிடிபட்டார். அவரைக் கம்பத்தில் கட்டி எரிக்கத் தயாரானபோது, குடிக்கக் கொடுத்த கொதிக்கும் கஞ்சி வாயைச் சுட, கொடுத்தவர் முகத்திலேயே கிண்ணத்தை வீசினாராம். பைத்தியம் என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். பின்னாளில் ஒரு மிஷனரி எழுதி வைத்த கதை இது, எவ்வளவு நம்பலாம் என்பது உங்கள் இஷ்டம். உயிர் தப்பியது மட்டும் நிஜம்.

உயிர் மிஞ்சியது, கடன் மிஞ்சாமல் இருக்குமா? கூட்டாளிகள் பணம் கொடுத்தவர்கள் முன் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. ஆனாலும் சாலமன் அதே கோட்டைக்குத் திரும்பினார். 1765-இல் அவரும் கெர்ஷோன் லெவியும் அங்கே ஒரு பிரெஞ்சுக்காரரின் வீட்டை வாங்கினார்கள். அந்த வீட்டின் அடித்தளத்தைத் தொல்லியலாளர்கள் பிற்பாடு தோண்டி எடுத்திருக்கிறார்கள். தன்னைக் கொள்ளையடித்த ஊருக்கே ஒருவர் ஏன் திரும்பினார்? கடனை அடைக்க வேறு வழி அவருக்கு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெரிந்த வேடர்களும் தெரிந்த தொழிலும் அங்கேதான் இருந்தன.

[திரையில்: பழைய மான்ட்ரியல் தெரு.]

அங்கே யூதராக வாழ்வது எப்படி? கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும்; கூட்டாளிகள் மொத்தமே ஐவர், அவர்களும் ஆளுக்கொரு திசையில். 1768-இல் மான்ட்ரியலில் கனடாவின் முதல் யூத சபை, ஷேரித் இஸ்ரேல், உருவானது. சாலமனும் அதில் உறுப்பினர். அடுத்த வருடமே லூயிஸ் டுபுவா என்ற பிரெஞ்சுக் கனடியக் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் ஆனது. 1778 வாக்கில் அவருடைய மகன் ஒருவன் இறந்தபோது, விருத்தசேதனம் செய்யாத பிள்ளையை யூத இடுகாட்டில் புதைக்கலாமா என்று சபையில் பிரச்சினை எழுந்தது. அந்த ஒரு தடவை அனுமதித்தார்கள். கூடவே, இனிமேல் கிடையாது என்று விதியும் எழுதிவிட்டார்கள். இரக்கமும் கண்டிப்பும் ஒரே கூட்டத்தில்.

அமெரிக்கப் புரட்சிப் போர் வந்தது. சரக்கு வருவது சிரமமானதால், சாலமனும் மற்ற வியாபாரிகளும் இருப்பை ஒன்றாகக் கொட்டிப் பொதுக்கடை நடத்தினார்கள். அமெரிக்கர்கள் தாக்குவார்கள் என்ற பயத்தில் பிரிட்டிஷார் கோட்டையையே மாக்கினாக் தீவுக்கு மாற்றினார்கள். மரத் தேவாலயத்தைக் கழற்றி, உறைந்த நீரிணை மேல் இழுத்துக்கொண்டு போனார்கள். 1784-இல் சுப்பீரியர் ஏரி வரைக்குமான வியாபாரத்தை ஒழுங்குபடுத்த எட்டுப் பேர் குழு அமைந்தது. அதில் சாலமன் ஒருவர். திவாலின் விளிம்பில் நின்ற மனிதர், இருபது வருடத்தில் மற்றவர்களுக்கு விதி வகுக்கும் இடத்தில்.

1808 வாக்கில் இறந்தார். மான்ட்ரியலில் புதைக்கப்பட்டிருக்கலாம் என்கிறார்கள்.

மகன் வில்லியம் அப்பாவின் கடையை விட்டாலும், நடுவில் நிற்கும் வேலையை விடவில்லை. பிரிட்டிஷ் அரசுக்கும் பழங்குடியினருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் ஆனார், கலப்பினக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். பிரிட்டிஷ் படை இருந்த டிரம்மண்ட் தீவு அமெரிக்கா பக்கம் போனதும் 1828 வாக்கில் படையோடு பெனட்டாங்குவிஷீன் என்ற ஊருக்கு இடம் பெயர்ந்தார்கள். அவர் மகன் லூயிஸ் சாலமன் சொன்ன நினைவுகள் 1901-இல் அச்சேறின. ஆரம்பத்திலேயே, தாத்தா எசேக்கியேல் ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் பிறந்து மான்ட்ரியலுக்கு வந்தவர் என்று குடும்பக் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் லூயிஸ் தன் கதைக்குப் போகிறார்.