இணைப்பை அறுக்கும் மக்ரோ

வணக்கம் நேயர்களே.

வன்னியில் குளம் திருத்தும் வேலைக்கு அட்டவணை போடுபவர்களுக்குக் கால நெருக்கடியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிறுபோக அறுவடை முடிந்து, குளத்து நீர் இறங்கிய பிறகுதான் துருசில் (குளத்து நீரைத் திறந்துவிடும் மதகில்) கைவைக்கலாம். ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும். அந்த இடைவெளிக்குள் முடிக்க வேண்டிய வேலைகளை மைக்ரோசொஃப்ட் புரொஜெக்ட் என்ற அட்டவணை மென்பொருளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைக்கிறோம். நிலைமை மாறும்போது சில இணைப்புகளை அவிழ்க்க வேண்டி வரும். நூற்றுக்கணக்கான வரிகளில் அதை மக்ரோ (பல படிகளைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) கொண்டு எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

ஆறு வாய்க்கால் துப்புரவாக்க வேண்டும், மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது என்று வையுங்கள். முதலாவது முடிந்தால் இரண்டாவது, அது முடிந்தால் மூன்றாவது என்று கட்டிவிடுவோம். இன்னொரு பெக்கோ வந்ததும் அந்தக் கட்டு வேண்டாம். ஆனால் துருசுக்குக் கொங்கிறீற் போட்டு, 7 நாள் நனைத்து வைத்த பிறகே பக்கத்தில் மண் நிரப்பலாம் என்ற இணைப்பு அப்படியில்லை. பத்துப் பெக்கோ வந்தாலும் அது மாறாது. மென்பொருளுக்கோ இரண்டும் ஒரே கோடுதான். எல்லா வேலைகளையும் தெரிவுசெய்து அன்லிங்க் பொத்தானை அமத்தினால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

போனால் என்ன ஆகும்? தானாகத் திகதி கணிக்கும் முறையில் இருக்கும் வேலைக்கு முன்வேலையும் (அதற்கு முன் வரவேண்டும் என்று இணைத்த வேலை) இல்லை, திகதிக் கட்டுப்பாடும் இல்லை என்றால், அது திட்டம் தொடங்கும் நாளுக்கே தாவும். திட்டத் தொடக்கம் ஜூன் 1 என்றால், ஆகஸ்ட் கடைசியில் இருந்த மண் நிரப்பல் ஜூன் 1 இல் வந்து நிற்கும். கொங்கிறீற் கலக்கவே தொடங்கியிருக்காது. ஏற்கெனவே தொடங்கிய வேலைகளும் கைமுறைத் திகதி கொண்டவையும் அசையாமல் இருப்பதால், மேலோட்டமாகப் பார்த்தால் இந்தப் பிழை தப்பிவிடும்.

அதனால் எதை அறுப்பது என்பதை ஆள்தான் முதலில் குறிக்க வேண்டும். டெக்ஸ்ட் 1 என்ற நிரலைத் திறந்து, ஒவ்வொரு வேலைக்கும் நேரே, அறுக்க வேண்டிய முன்வேலையின் யுனிக் ஐடியை, அதாவது மென்பொருள் அதற்குக் கொடுத்த நிலையான எண்ணை, எழுதுங்கள். வரிசை எண்ணான சாதாரண ஐடி வேண்டாம். நடுவில் ஒரு வரி செருகினால் அது மாறிவிடும், யுனிக் ஐடி மாறாது. பிறகு, முன்வேலைகளைக் காட்டும் யுனிக் ஐடி பிரெடிசெசர்ஸ் என்ற நிரலில் இருப்பதை அப்படியே டெக்ஸ்ட் 2 இற்குப் பிரதி எடுங்கள். திரும்பக் கட்ட வேண்டி வந்தால் இதுதான் கைகொடுக்கும். டெக்ஸ்ட் நிரல் ஒன்றில் 255 எழுத்துகள்தான் அடங்கும், நீண்ட பட்டியலைச் சரிபாருங்கள். கோப்பை வேறு பெயரில் சேமித்து, பேஸ்லைன் (இப்போதைய திகதிகளின் பதிவு) ஒன்றும் போட்டுவிடுங்கள்.

இந்தப் பிரதியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், மண் நிரப்பலின் முன்வேலைக் கட்டத்தில் வேலை எண் மட்டும் இருப்பதில்லை. எஃப்.எஸ். கூட்டல் 7 ஈ-டேஸ் என்றும் இருக்கும். எஃப்.எஸ். என்றால், முன்னது முடிந்த பிறகு அடுத்தது தொடங்கும் இணைப்பு. அந்த 'ஈ' எழுத்துக்குப் பொருள், விடுமுறையும் சேர்ந்த நாள். கொங்கிறீற் ஞாயிற்றுக்கிழமையும் இறுகும் அல்லவா? தவறி அறுத்த இணைப்பை கொன்ட்ரோல் எஃப் 2 அமத்தி மீண்டும் கட்டினால் வெறும் எஃப்.எஸ். மட்டுமே வரும். 7 நாள் காத்திருப்பு சத்தமில்லாமல் காணாமல் போகும்.

இனி மக்ரோ. மக்ரோ எழுதும் மொழியான வி.பி.ஏ. இல் ஒவ்வொரு வேலைக்கும் டாஸ்க் டிபெண்டன்சீஸ் என்ற தொகுதி உண்டு. அதில் முன் இணைப்பும் பின் இணைப்பும் கலந்தே இருக்கும். ஆகவே இணைப்பு வந்து சேரும் வேலை இதுதானா என்று முதலில் கேளுங்கள். பிறகு, அது புறப்படும் வேலையின் யுனிக் ஐடி டெக்ஸ்ட் 1 இல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் டிலீட். எண்ணிக்கையைக் கடைசியிலிருந்து ஒன்றுக்கு இறக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஏறிப் போனால், முதலாவதை அழித்ததும் இரண்டாவது முதலாவது ஆகிவிடும், அது பரிசோதிக்கப்படாமலே தப்பிவிடும். 'வேலை நத்திங் (வெறுமை) இல்லையானால்' என்ற நிபந்தனையும் வேண்டும். அட்டவணையில் வெற்று வரி ஒன்று இருந்தாலே போதும், அந்த நிபந்தனை இல்லாத மக்ரோ பிழை 91 காட்டி நின்றுவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். செய்ததை மீளப்பெறும் அன்டூ 20 படிதான் இயல்பாக வைத்திருக்கும், கூட்டினாலும் 99 தான். மக்ரோவின் தொடக்கத்தில் ஓப்பன் அன்டூ டிரான்சாக்ஷன், முடிவில் குளோஸ் அன்டூ டிரான்சாக்ஷன் என்று எழுதினால் அறுத்தது முழுவதும் ஒரே படியாக மீளும்.

ஓடி முடிந்ததும் முன்வேலை நிரல் வெறுமையாக இருக்கும் வேலைகளை மட்டும் வடிகட்டி எடுங்கள். அவற்றில் திட்டத் தொடக்க நாளில் நிற்பவை எவை என்று பாருங்கள். இரண்டாவது பெக்கோவுக்குக் கொடுத்த வாய்க்கால் அங்கே நின்றால், இயந்திரம் வந்து சேரும் திகதியை 'ஸ்டார்ட் நோ ஏர்லியர் தான்' (இதற்கு முன் தொடங்காதே) கட்டுப்பாடாகக் கொடுங்கள். மண் நிரப்பல் அங்கே நின்றால் டெக்ஸ்ட் 2 இலிருந்து அதன் இணைப்பை யுனிக் ஐடி பிரெடிசெசர்ஸ் நிரலில் திரும்ப ஒட்டுங்கள்.