காக்கி அணியாத விசாரணையாளர்கள் வேண்டும்

இந்த நிகழ்வுக்குத் தலைமை ஏற்றுள்ள ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி அவர்களே, வரவேற்புரை ஆற்றிய கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன்பாகத் தெளிவான உரை நிகழ்த்திய மூத்த வழக்கறிஞர் அவர்களே, தொலைவிலிருந்து பேருந்து மாறி மாறி வந்திருக்கும் உண்மை அறியும் குழுத் தோழர்களே, சட்டக் கல்லூரி மாணவ மாணவியரே, அனைவருக்கும் என் வணக்கம். மேடையில் எனக்கு அணிவித்த பொன்னாடைக்கு நன்றி. நம் தலைவர் அவர்கள் பணியில் இருந்த காலத்தில், காவலில் தாக்கப்பட்டதாக ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னால், சட்டையைக் கழற்றச் சொல்லித் தாமே காயங்களைப் பார்த்துக் குறிப்பெழுதிய பிறகுதான் ரிமாண்டு உத்தரவில் கையெழுத்திடுவார் என்பதை இந்த ஊர் வழக்கறிஞர்கள் அறிவார்கள். அவர் முன்னிலையில் பேசுவதை நான் பெரும் பேறாகக் கருதுகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, காவல் துறை மீதான புகார்களை அத்துறையைச் சாராதவர்கள் விசாரிப்பது எப்படி என்பதாகும். அந்த விசாரணை எவ்வாறு நடக்கிறது, பிற நாடுகள் என்ன செய்திருக்கின்றன, நம் மாநிலத்தில் என்ன நிலை என்ற மூன்றையும் தொட்டுப் பேச விரும்புகிறேன்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்ற பழமொழியை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்கியதில்லை. இந்தப் பணிக்கு அதைவிடச் சிறந்த பயிற்சிக் கையேடு இல்லை என்று உளமார நம்புகிறேன். அதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

தென்மாவட்டம் ஒன்றில், லோடு ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவரை வாகனச் சோதனையில் நிறுத்தி, காவல் நிலையத்துக்குக் கொண்டு சென்றார்கள். மறுநாள் அவர் அரசு மருத்துவமனையில் கை எலும்பு முறிந்து கிடந்தார். "தப்பியோட முயன்று பாலத்திலிருந்து குதித்ததில் கை முறிந்தது" என்றது காவல் நிலையம். நாளிதழ்களில் நாம் அடிக்கடி படிக்கும் அதே வாசகம். ஊரோ ஒரே குரலில், "எஸ்.ஐ. அடித்து உடைத்தார்" என்றது. இரண்டு கூற்றுகளையும் ஒரே தராசில் வைத்துத்தான் எங்கள் உண்மை அறியும் குழு விசாரணையைத் தொடங்கியது.

முதலில் பாலத்துக்குப் போனோம். ஓர் ஆள் உயரம்கூட இல்லாத சிறு பாலம், கீழே மணல். அளவு நாடா பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலைப் பெற்றோம். ஏ.ஆர். நகல் என்று நாம் சொல்லும் அந்த ஒற்றைத் தாளில், பணியில் இருந்த மருத்துவர் முன்கை எலும்பு முறிவோடு நிறுத்தாமல், இரு பாதங்களின் அடிப்பகுதியிலும் கோடு கோடாகக் கன்றிய வீக்கம் என்று எழுதியிருந்தார். மணலில் குதித்தவருக்கு உள்ளங்காலில் கோடு கோடாகக் கன்றிப்போகுமா? காவல் நிலையத்தின் கூற்று அந்த ஒரு வரியில் முடிந்துபோனது. அந்த மருத்துவர் யாருக்கும் அஞ்சாமல் தாம் கண்டதை எழுதினார். அவருக்கு நான் இன்றும் நன்றி பாராட்டுகிறேன்.

ஊர் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் அன்றே அறிக்கை எழுதி முடித்திருக்கலாம். காவல் நிலையத்துக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்த மூதாட்டி, "எஸ்.ஐ. ஐயாதான் முடியைப் பிடித்து இழுத்துக்கிட்டுப் போனாரு, என் கண்ணால பார்த்தேன்" என்றார். அவர் பொய் சொல்பவர் அல்லர். ஆயினும் கடையிலிருந்து நிலைய வாசல் எவ்வளவு தொலைவு, தெருவிளக்கு எந்தக் கம்பத்தில் இருந்தது, அவர் அப்போது அடுப்பைப் பார்த்து நின்றாரா வாசலைப் பார்த்து நின்றாரா என்று தனித்தனியாகக் கேட்டோம். "எஸ்.ஐ. ஐயாவை உங்களுக்கு எப்படி அடையாளம் தெரியும், பாட்டி?" என்று எங்கள் குழுவில் இருந்த தங்கை கேட்டபோது, "தோள்ல நட்சத்திரம் வச்சிருக்கிறவரு எல்லாரும் எஸ்.ஐ.தானே, தாயி" என்றார்.

அதன்பின் நடந்ததுதான் முக்கியமானது. ஒரு மாலை நேரத்தில், சாதாரண உடையில், அந்தச் சார்பு ஆய்வாளரே நாங்கள் தங்கியிருந்த வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். காவலர்களை வெளியூர்ப் பணிக்கு அனுப்பும்போது தரப்படும், 'பாஸ்போர்ட்' என்று காவல் துறையில் சொல்லும் பணிச் சீட்டின் நகல் அவர் கையில் இருந்தது. அந்த இரவு முழுவதும் அவர் வேறொரு ஊரில் பங்குனி உத்திரத் திருவிழா பந்தோபஸ்தில் இருந்திருக்கிறார். அதையும் நாங்கள் அப்படியே ஏற்கவில்லை. கோயில் விழாக் குழுவினர் எடுத்த படங்களை வாங்கிப் பார்த்தோம். தேருக்கு முன்னால் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு அவர் நின்றிருந்தார். அடித்தவர் நட்சத்திரம் அணிந்த வேறொருவர், ஒரு சிறப்பு சார்பு ஆய்வாளர் என்பது பின்னர் உறுதியானது. தீர விசாரிப்பதே மெய், நண்பர்களே! ஊர்க் கோபத்துக்குத் தலையாட்டியிருந்தால், குற்றமற்ற ஒருவர் மீது பழி விழுந்து, கை முறித்தவர் மீசையை முறுக்கிக்கொண்டு போயிருப்பார். காவல் துறை சாராத விசாரணை என்றாலே காவலர்களுக்கு எதிரானது என்று நினைக்கும் காவல் துறை நண்பர்கள் இந்த அவையில் இருந்தால், அந்தச் சார்பு ஆய்வாளர் அன்று யாரைத் தேடி வந்தார் என்பதை எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். அவருக்குத் தம் துறையின் விசாரணையைவிட எங்கள் விசாரணையில் நம்பிக்கை இருந்தது.

அறிக்கையை மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்பினோம். அடித்தவர் ஆயுதப்படைக்கு மாற்றப்பட்டார். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. எங்களுக்கு ஆவணங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரம் கிடையாது. எந்தக் காவலரையும் அழைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரமும் கிடையாது. அந்த அதிகாரம் உள்ளவர்கள் உலகில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1885ஆம் ஆண்டிலேயே தீயணைப்பு, காவல் ஆகிய இரு துறைகளையும் மேற்பார்வையிடக் குடிமக்கள் ஆணையம் அமைக்கப்பட்டது. நியூயார்க்கில் 1953இல் தோன்றிய புகார் வாரியம் காவல் துறையினரைக் கொண்டே இயங்கியது. 1966இல் நகர மேயர் அதில் குடிமக்களைச் சேர்த்தபோது, காவலர் சங்கம் எதிர்த்துப் பரப்புரை செய்து, அதே ஆண்டு பொது வாக்கெடுப்பில் அதைத் தோற்கடித்தது. முழுவதும் குடிமக்களைக் கொண்ட, காவல் துறையிலிருந்து விலகிய வாரியம் 1993இல்தான் வந்தது. அங்கே விசாரணையாளர் அழைத்தால் காவலர் வந்து பதில் சொல்லியாக வேண்டும். முடிவும் "குற்றவாளி", "நிரபராதி" என்று இரண்டோடு நிற்பதில்லை. நடந்தது உண்மை, ஆனால் விதிக்கு உட்பட்டதே என்று எழுதலாம். சான்று போதவில்லை, தீர்மானிக்க இயலவில்லை என்றும் நேர்மையாக எழுதலாம்.

இனி நம் மாநிலத்துக்கு வருகிறேன். நான் இங்கு வந்ததே இதைச் சொல்லத்தான். முன்னாள் காவல் துறைத் தலைமை இயக்குநர் பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில், 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. அவற்றுள் ஒன்று, மாநிலத்திலும் ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் புகார் ஆணையம் அமைக்க வேண்டும் என்பது. மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைவராக இருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. களவிசாரணைக்கு ஆணையத்துக்கென்று பணியாளர்கள் தேவைப்படலாம் என்றும் அதில் உள்ளது. ஆனால் தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டம், 2013 என்ன செய்தது? மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, காவல் துறைத் தலைமை இயக்குநரை உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் ஆட்சியரைத் தலைவராகவும் கண்காணிப்பாளரை உறுப்பினராகவும் வைத்தது. யார் மீது புகாரோ அவருடைய மேலதிகாரியே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அமர்ந்தால், அடிபட்டவன் எந்த நம்பிக்கையில் படியேறுவான்?

மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்பார்கள். 1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவைப் படியுங்கள். மாநில ஆணையத்தின் புலனாய்வுப் பணியாளர்கள், ஐ.ஜி. நிலைக்குக் குறையாத ஒரு காவல் அதிகாரியின் கீழ்தான் இயங்க வேண்டும். அங்கும் காக்கிதான்.

சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் 2020 ஜூன் மாதத்தில் உயிரிழந்த பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்படி நீதித்துறை நடுவர் அந்தக் காவல் நிலையத்துக்குள் நேரில் சென்றார். கண்காணிப்புக் கேமராவின் வன்தட்டில் போதிய இடம் இருந்தும், பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை அவரே கண்டறிந்து எழுதினார். லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்ததைப் பெண் தலைமைக் காவலர் ஒருவர் அவரிடம் துணிந்து சொன்னார். காவல் துறை சாராத ஒருவர் உள்ளே நுழைந்து கேட்டதால்தான் அந்தச் சொல் வெளியே வந்தது. தீர விசாரிப்பதே மெய் என்று நான் மீண்டும் மீண்டும் சொல்வது இதற்காகத்தான். இரண்டு உயிர்கள் போன பிறகு, உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு நடந்த அந்த விசாரணை, ஓர் இளைஞனின் கை முறிந்த அன்றே, எந்த நீதிமன்றப் படியும் ஏறாமல் நடந்திருக்க வேண்டாமா?

ஆகவே 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தக் கோரும் மனுவை ஆயத்தம் செய்திருக்கிறோம். ஆணையத்தின் தலைமை ஓய்வுபெற்ற நீதிபதியிடம் இருக்க வேண்டும். வழக்கறிஞர்கள், தடய மருத்துவம் பயின்றவர்கள், சமூகப் பணியாளர்கள் ஆகியோரிலிருந்து ஆணையத்துக்கென்றே விசாரணையாளர்களை அமர்த்த வேண்டும். நிலையக் கேமராப் பதிவையும், நிலையத்தின் அன்றாட நடப்புகளைப் பதியும் பொது நாட்குறிப்பையும் அவர்கள் நேரடியாகக் கேட்டுப் பெற உரிமை வேண்டும். மனு அரங்கின் வாசலில் இடப்பக்க மேசையில் இருக்கிறது. முதல் கையொப்பத்தைத் தலைவர் அவர்கள் இட இசைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மீண்டும் என் நன்றி. சட்டக் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொருவரும் ஒரு படிவத்தைத் தம் ஊருக்கு எடுத்துச் சென்று, சட்டமன்றம் கூடுவதற்கு முன் உறுப்பினரை நேரில் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.