பிரிக்காமல் திரும்பிய உறை

நண்பர்களே, வணக்கம்.

சரித்திரக் கதை என்றதும் நமக்குக் குளம்பொலி கேட்கும். போர்க் கதை என்றால் துப்பாக்கிச் சத்தம். இளையோருக்கு எழுதும்போது இந்தச் சத்தம் இன்னும் கூடிவிடுகிறது. நான் இன்று பேச வந்த கதையில் இருப்பது அஞ்சல் மூட்டைகள்தான்.

1945 பிப்ரவரி, இரண்டாம் உலகப் போர்க் காலம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று ஜன்னல்களை அடைத்துக் கறுப்பாக்கியிருக்கிறார்கள். குளிர்காய வழியில்லை. கூரை தொடும் அளவுக்கு மூட்டைகள். ஐரோப்பாவில் சண்டையிடும் அமெரிக்க வீரர்களுக்கு வீட்டிலிருந்து வந்தவை, சுமார் 1 கோடியே 70 லட்சம் கடிதங்களும் பொட்டலங்களும். அனுப்பிய கேக்கை எலிகள் தின்றுகொண்டிருந்தன.

இதைத் தீர்க்க வந்தது அமெரிக்க ராணுவத்தின் 6888ஆவது அஞ்சல் பட்டாலியன். சுமார் 850 பேர், ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினப் பெண்கள். தலைமை மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். வயது 26, அதற்கு முன்பு தென் கரோலினாவில் கணக்கு டீச்சர். கொடுத்த கெடு ஆறு மாதம். இரவு பகலாக மூன்று ஷிஃப்ட் போட்டு மூன்றே மாதத்தில் முடித்தார்கள்.

எப்படி? ஒவ்வொரு வீரருக்கும் ஒரு அட்டை, மொத்தம் 70 லட்சம் அட்டைகள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர்! படை எண்ணை ஒப்பிட்டுத்தான் எந்த ஸ்மித் என்று கண்டுபிடிக்க வேண்டும். சில உறைகளில் வெறும் செல்லப் பெயர்தான் இருக்கும். சரி, ஆளைக் கண்டுபிடித்தாயிற்று என்று அட்டையைத் திருப்பினால் 'இறந்துவிட்டார்' என்றிருக்கும். உறை பிரிக்கப்படாமலே ஊருக்குத் திரும்பும். அதைக் கையில் வைத்திருக்கும் இருபது வயதுப் பெண்தான் என் கதாநாயகி. அவளுக்கு மூன்று அத்தியாயமாவது கொடுப்பேன்.

ஆய்வுக்கு வந்த ஒரு ஜெனரல், இரவு ஷிஃப்ட் பார்த்தவர்கள் தூங்குவதால் எல்லோரும் அணிவகுப்பில் இல்லை என்று கோபித்தார். எப்படி நடத்துவதென்று காட்ட ஒரு வெள்ளை லெப்டினன்ட்டை அனுப்புவேன் என்றார். "என் பிணத்தைத் தாண்டித்தான் வர முடியும், ஐயா" என்றார் ஆடம்ஸ். எழுதுகிற யாருக்கும் இந்தக் காட்சியில் ஆசை வரும். எழுதுங்கள். ஆனால் வெள்ளையரோடு சேர்த்துத் தங்கவிடாமல் லண்டனில் இவர்களுக்குத் தனி ஓட்டல் ஏற்பாடு செய்ததையும், அங்கே தங்க மாட்டோம் என்று மறுத்ததையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள்தானே படிக்கிறார்கள் என்று இதை மழுப்புகிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். பதினைந்து வயதில் அவமானம் என்னவென்று தெரியாத பிள்ளை உண்டா?

அப்புறம் இவர்கள் போனது பிரான்ஸில் ரூவான் நகரம். 1945 ஜூலையில் அங்கே ஒரு ஜீப் விபத்தில் இந்தப் பட்டாலியன் பெண்கள் மூவர் இறந்தார்கள். அடக்கத்துக்கு ராணுவம் பணம் தரவில்லை. கூட இருந்தவர்கள் தங்கள் காசைப் போட்டுச் சவப்பெட்டி வாங்கினார்கள். நார்மண்டியின் அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 9,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன, அவற்றில் பெண்களுடையவை நான்குதான். மூன்று இவர்களுடையவை.

அந்தக் காசு சேர்ந்த இரவை உங்களில் யாராவது எழுதிக்கொண்டு வாருங்கள். முதலில் நான் படிக்கிறேன்.