உயரத்தில் இருக்கும் தண்ணீர்

வணக்கம், பிள்ளைகளே. நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இன்றைக்கு நம் வீட்டுக் குழாயை வைத்தே அதைப் பார்த்துவிடலாம்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் குடிக்கிற காவிரியோ நூறு கிலோமீட்டர் தள்ளி, நமக்கு வெகு கீழே ஓடுகிறது. தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடங்களில் பம்பு வைத்து, அதைக் கிட்டத்தட்ட 500 மீட்டர் மேலே ஏற்றுகிறார்கள்.

பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் தூக்க 9.8 ஜூல் ஆற்றல் வேண்டும்; ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 500 மீட்டருக்கு 4,900 ஜூல். ஆயிரம் லிட்டருக்கு 49 லட்சம் ஜூல். ஒரு யூனிட் கரண்ட் என்பது 36 லட்சம் ஜூல். அப்படியானால் ஆயிரம் லிட்டர் காவிரி நம் ஊர் ஏற ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல் ஆகிறது. குழாயில் உரசியும் பம்பில் சூடாகியும் போவது தனிக்கணக்கு.

செலவழித்த அந்த ஆற்றல் எங்கே? ஏறிய தண்ணீரில்தான் இருக்கிறது. அதுதான் நிலை ஆற்றல். மாடித் தொட்டியில் தண்ணீர் அசையாமல் நிற்கும். ஆனால் கீழ் வீட்டுக் குழாயைத் திறந்து உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள், கையைக் கீழே தள்ளும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கிற மேல் மாடி வீட்டிலோ அதே தண்ணீர் மெலிசாக ஒழுகும். இறங்கி வந்த உயரம்தான் வித்தியாசம். குழாய்க்குள் அது அழுத்தமாக இருந்து, வெளியே வரும்போது வேகமாகிறது. அந்த வேகத்தில் இருப்பது இயக்க ஆற்றல்.

இதே காவிரி சிவனசமுத்திரத்தில் விழுகிற இடத்தில் 1902-ல் மின்சாரம் எடுத்தார்கள். கம்பி வழியே அது முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு. அந்தச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். உங்களில் சிலருடைய கொள்ளுத்தாத்தாவும் அங்கே இருந்திருக்கலாம். 1905-ல் பெங்களூர்த் தெருவிளக்கும் அந்த மின்சாரத்தில்தான் எரிந்தது. உரசல் எதுவும் இல்லாமல் 100 மீட்டர் விழுகிற தண்ணீர் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்று கணக்கு சொல்கிறது.

வேகத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வையுங்கள். உயரம் இரண்டு மடங்கானால் நிலை ஆற்றலும் இரண்டு மடங்குதான். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நாலு மடங்கு! முப்பதில் போகிற பைக் அறுபதில் போனால், பிரேக் பிடித்ததும் நாலு மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும். ஓசூர் ரோட்டில் அண்ணன் பின்னால் உட்கார்ந்து போகிற பிள்ளைகள் இதை அண்ணனிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கட்டடம். சம்ப்பிலிருந்து, அதாவது தரைக்கு அடியில் இருக்கிற தொட்டியிலிருந்து, மாடித் தொட்டி வரை எத்தனை மீட்டர் என்று அப்பாவோடு சேர்ந்து அளந்து பாருங்கள். 12 மீட்டர் வந்தால், ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 1,17,600 ஜூல். உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று போட்டு, நாளைக்கே டீச்சரிடம் காட்டுங்கள். வணக்கம்.