மைதான ஓரத்தில் நிற்பவர் என்ன படித்திருக்கிறார்?

[திரையில்: விளையாட்டு மைதானத்தின் ஓரம். நீர் நிரப்பிய பெரிய தொட்டி, பக்கத்தில் ஐஸ் பெட்டிகள்.]

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பாடப் பட்டியலில் 'அத்லெடிக் டிரெய்னிங்' என்ற துறையைப் பார்க்கும் நம்மவர்கள் பலர், ஜிம்மில் உடற்பயிற்சி சொல்லித் தருபவருக்கான படிப்பு அது என்று எண்ணிக்கொள்கிறார்கள். பெயர் அப்படி எண்ண வைக்கிறது, ஆனால் வேலை முற்றிலும் வேறு. வீரருக்கு அடிபட்டவுடன் முதலில் ஓடிச் செல்வதும், அடிபடாமலிருக்க முன்கூட்டியே வழி செய்வதும், அடிபட்டவர் மறுபடி களத்தில் இறங்கும் நாள்வரை உடனிருந்து தேற்றுவதும் அத்லெடிக் டிரெய்னரின் பொறுப்பு. இவர் மருத்துவரோடு இணைந்து பணியாற்றும் உடல்நலத் தொழிலர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990ஆம் ஆண்டிலேயே இத்தொழிலை அங்கீகரித்துவிட்டது. நம் நாட்டு அணிகளில் இதே வேலையின் பெரும்பகுதியைப் பிசியோதெரபிஸ்டுகள் செய்கிறார்கள்.

2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டி நகரில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் நடுவே டமார் ஹாம்லின் என்ற வீரர் இதயத் துடிப்பு நின்று சரிந்தார். அந்தக் கணத்தில் அவர் நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்து வைத்தவர் அவரது அணியின் உதவி அத்லெடிக் டிரெய்னர் டென்னி கெலிங்டன். இந்தத் தொழில் என்ன என்பதைப் பல லட்சம் பேர் அன்றுதான் கண்ணால் பார்த்தார்கள்.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படம் போன்ற சித்திரம். கரும்பலகை, அதன் அருகே முதலுதவிப் பெட்டி.]

இந்தப் படிப்போடு உடல்நலக் கல்வி என்ற இன்னொரு பாடமும் ஏன் ஒட்டிக்கொண்டே வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அத்லெடிக் டிரெய்னர்களின் தேசியச் சங்கம் 1950இல் மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில் தொடங்கப்பட்டது. அச்சங்கம் 1959இல் ஏற்றுக்கொண்ட முதல் பாடத்திட்டம், மாணவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகும் தகுதியையும் பெற வேண்டும் என்று வகுத்தது. வகுப்பில் உடல்நலமோ உடற்கல்வியோ கற்பிக்கும் ஆசிரியரே மாலையில் மைதானத்தில் வீரர்களைக் கவனித்துக்கொள்வார் என்பது அன்றைய ஏற்பாடு. வேலை வாய்ப்புக்காகச் செய்த ஏற்பாடுதான் அது. ஆனாலும் அதற்குள் ஓர் ஆழ்ந்த பொருத்தம் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைத்தான் இந்த வீடியோவில் காட்ட விரும்புகிறேன்.

பிற்காலத்தில் பாடத்திட்டம் மருத்துவத்தின் பக்கம் மேலும் நகர்ந்தது. முதுநிலைப் பட்டமே தொழிலுக்குள் நுழையும் தகுதி என்று 2015இல் முடிவானது. இப்போது உடற்கூறியல், உடலியங்கியல், அசைவு இயக்கவியல், காயப் பரிசோதனை, மறுவாழ்வுப் பயிற்சி, மருந்தியல், ஊட்டச்சத்து, மனநலம் என்று பாடங்கள் விரிகின்றன. இவற்றோடு, குறைந்தது நான்கு வாரங்கள் இடைவெளியின்றி ஓர் அணியோடோ மருத்துவ நிலையத்தோடோ முழுநேரம் பணியாற்றும் களப்பயிற்சியும் உண்டு.

[திரையில்: ஒரு கணுக்கால், மிக அருகில்.]

காயப் பரிசோதனை வகுப்பை ஒரு கணுக்கால் சுளுக்கை வைத்தே விளக்கிவிடலாம். மாணவர் முதலில் தொடக்கூடாது, கேட்க வேண்டும். கால் எந்தப் பக்கம் மடங்கியது, விழும்போது ஏதாவது சத்தம் கேட்டதா, இதற்கு முன் இதே காலில் அடிபட்டதுண்டா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். அடுத்து, இரண்டு கால்களையும் பக்கத்தில் வைத்து வீக்கத்தையும் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகே விரல்கள் வேலைக்கு வரும். வலிக்கும் இடத்தை விட்டு விலகித் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதை நெருங்க வேண்டும்.

இங்கே 1990களின் தொடக்கத்தில் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் உருவாக்கிய விதிகள் கைகொடுக்கின்றன. கணுக்காலின் இருபுறமும் புடைத்துத் தெரியும் எலும்புகளின் பின்விளிம்பில், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை அழுத்தும்போது எலும்பிலேயே வலி இருந்தாலோ, அடிபட்டவுடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே தேவை. பாதத்தில் சுண்டுவிரலுக்கு நேர் பின்னே உள்ள எலும்பின் அடிப்பகுதியையும், உள்பக்கம் வளைவின் மேலே இருக்கும் படகு வடிவ எலும்பையும் இதேபோல் அழுத்திப் பார்ப்பார்கள். இவற்றில் எதுவும் இல்லையென்றால் அது பெரும்பாலும் ஜவ்வில் ஏற்பட்ட காயம்தான், எலும்பு முறிவு அன்று. இந்த ஆறு சென்டிமீட்டரைத் தன் சக மாணவரின் காலில் அளந்து அளந்து அழுத்திப் பழகிய கை, மைதானத்தின் இரைச்சலுக்கு நடுவிலும் தடுமாறாது.

ஆனால், வீரர் வலியை மறைத்தால் எந்த விரலாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. உடல்நலக் கல்வி நுழையும் இடம் இதுதான்.

[திரையில்: தெருவோரம் நிற்கும் எக்ஸ்ரே வண்டி. அருகே யாரும் இல்லை.]

அந்தப் பாடத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று காசநோயிலிருந்து பிறந்தது. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, காசநோயைக் கண்டறியும் மார்பு எக்ஸ்ரே வசதியை மக்கள் வாழும் பகுதிகளுக்கே வண்டிகளில் கொண்டுபோய் இலவசமாகவே வழங்கியது. இருந்தும் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆராய்ந்த சமூக உளவியலாளர்கள், 'இந்த நோய் எனக்கும் வரலாம்' என்று ஒருவர் நம்புகிறாரா, வந்தால் அதன் கடுமை எவ்வளவு என்று நினைக்கிறார், பரிசோதித்தால் பயன் உண்டு என்று கருதுகிறாரா, எது அவரைத் தடுக்கிறது என்ற கேள்விகளை மையமாக வைத்து 'உடல்நல நம்பிக்கை மாதிரி' என்ற கோட்பாட்டை அமைத்தார்கள். தகவலைச் சொல்லிவிட்டாலே மக்கள் நடந்துகொள்வார்கள் என்ற எண்ணத்தை அது உடைத்தது.

இந்தக் கேள்விகளை மூளையதிர்ச்சிக்குப் பொருத்திப் பாருங்கள். தலையில் அடிபட்டு மூளை குலுங்கும்போது ஏற்படும் இந்தப் பாதிப்பு, வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. தலைவலி, மயக்கம், வெளிச்சத்தில் கண்கூச்சம், நினைவில் தடுமாற்றம் என்று வீரர் தாமே சொல்வதில்தான் கண்டறிதலின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கோ, சொன்னால் அணியில் இடம் போய்விடுமே என்பதே பெரிய தடை. 'எனக்கு ஒன்றும் ஆகாது' என்பதே உறுதியான நம்பிக்கை. அந்தத் தடையையும் அந்த நம்பிக்கையையும் விளையாட்டுப் பருவம் தொடங்கும் முன்பே எதிர்கொள்ளும் பேச்சை, வீரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் பெற்றோருக்கும் தனித்தனியாகத் தயாரிப்பது உடல்நலக் கல்வி வகுப்பு மாணவர்களிடம் எதிர்பார்க்கப்படும் வேலை.

வாஷிங்டன் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன், தலையில் அடிபட்ட பிறகும் அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். உயிர் பிழைத்தாலும் நிரந்தரப் பாதிப்புகளோடு வாழ நேர்ந்தது. அவன் பெயரில் 2009இல் அம்மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மூளையதிர்ச்சி என்று ஐயம் எழுந்தாலே வீரரை வெளியேற்ற வேண்டும். தகுதியுள்ள மருத்துவத் தொழிலர் எழுதித் தராமல் அவர் திரும்பக் கூடாது. இதன் ஆபத்துகளை விளக்கும் தாளில் வீரரும் பெற்றோரும் ஆண்டுதோறும் கையெழுத்திட வேண்டும். 2014க்குள் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்துவிட்டன. அந்தத் தாளைப் படிக்காமலே கையெழுத்திடும் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசி விளங்க வைக்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்காகவே இந்தக் கல்வி.

[திரையில்: மீண்டும் அந்தத் தொட்டி. தண்ணீரில் ஐஸ் கொட்டப்படுகிறது.]

கையும் சொல்லும் ஒன்றுசேர வேண்டிய இடம் வெப்பவாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். கடும் உழைப்பால் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, வீரர் உளறவோ தள்ளாடவோ காரணமின்றிச் சண்டையிடவோ தொடங்கினால் ஒரு நிமிடத்தையும் இழக்க முடியாது. தோல் வறண்டு போயிருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஓடியாடி வரும் வெப்பவாதத்தில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். நெற்றியிலும் காதிலும் வைக்கும் வெப்பமானிகள் இங்கே தவறான எண்ணைக் காட்டி ஏமாற்றிவிடும். ஆசனவாய் வழியாக அளப்பதே நம்பத்தக்கது.

அளந்தவுடன் வீரரைக் கழுத்துவரை பனிநீரில் அமிழ்த்த வேண்டும். அக்குளுக்கடியில் துணியைக் கொடுத்து ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்காவிட்டால் உடலைச் சுற்றியுள்ள நீர் சூடாகித் தங்கிவிடும். ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும், ஆனால் அது வந்துவிட்டதே என்று அவசரப்பட்டு ஏற்றிவிடக் கூடாது. முதலில் குளிர்வித்து, உள்வெப்பம் சுமார் 38.9 டிகிரிக்கு இறங்கிய பிறகே அனுப்ப வேண்டும் என்பது வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விதி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் ஃபால்மவுத் ஓட்டப்பந்தயத்தில், 18 ஆண்டுகளில் வெப்பவாதத்துக்கு ஆளாகி இவ்வாறு பனிநீரில் குளிர்விக்கப்பட்ட 274 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

இவ்வளவு தெளிவான சிகிச்சை இருந்தும் அது தடைபடும் இடங்கள் உண்டு. ஆசனவாய் வழி அளவீடு என்றதும் பள்ளி நிர்வாகம் தயங்குகிறது, பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள், பிள்ளை கூசுகிறான். ஆகவே அத்லெடிக் டிரெய்னர் பயிற்சிப் பருவம் தொடங்கும் முன்பே கூட்டம் கூட்டுகிறார். ஆசனவாய் வழி வெப்பம் அளக்கும் அந்த மெல்லிய கம்பியைப் பெற்றோர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். துணியால் எப்படி மறைப்போம், யார் உடனிருப்பார், ஏன் வேறு அளவுமானி போதாது என்று அவர்கள் கேட்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, எழுத்து மூலம் சம்மதம் பெறுகிறார். மறுநாள் விடியற்காலையில், வீரர்கள் வருவதற்கு முன்பே, களப்பயிற்சி மாணவர் தொட்டியில் நீர் நிரப்பி, ஐஸைப் பக்கத்தில் அடுக்கி, வெப்பமானியின் பேட்டரியைச் சோதித்துவிட்டு நிழலில் நின்று மைதானத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்.