கண்ணுக்கு எதற்குப் பிரஷர் மாத்திரை?

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரு அல்சூரிலிருந்து ஓர் அம்மா என்னிடம் கண் காட்ட வந்தார். சர்க்கரை நோய் வந்து பதினைந்து ஆண்டுகள். கோலத்துக்கு நேராக வைக்கும் புள்ளி வரிசை நடுவில் மட்டும் வளைந்து தெரிகிறதாம். “கை நடுங்குகிறது போலிருக்கிறது டாக்டர்” என்றார்.

கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றிப் படம் எடுத்தோம். பத்துப் பதினைந்து விநாடிகளில் சாயம் விழித்திரைக்கு வந்துவிடும். நல்ல ரத்தக்குழாயில் அது உள்ளேயே ஓடும். இவருக்கோ பார்வையின் மையத்தை ஒட்டிப் பொட்டுப் பொட்டாக மின்னியது. பிறகு வேட்டியில் சிந்திய மை போல ஓரம் கலங்கிப் பரவியது. கசிவுதான். (மறுநாள்வரை சிறுநீர் மஞ்சளாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்ல மறந்தால் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி அலறும்.)

பிரஷர் மாத்திரை என்னவாயிற்று என்று கேட்டேன். “சரியாகிவிட்டதே என்று இரண்டு மாதமாக விட்டுவிட்டேன். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?”

சர்க்கரை நுண்குழாய்களைத் தாங்கும் செல்களை அழிக்கிறது, சுவரின் இணைப்புகளைத் தளர்த்துகிறது. காவிரித் தண்ணீர் வரும் நாளில் நைந்த குழாயில் மோட்டாரை ஓட்டினால் முதலில் நனைவது மூட்டுகள்தானே? பிரஷர்தான் அந்த மோட்டார்.

பிரிட்டனில் சர்க்கரையும் பிரஷரும் உள்ள 1148 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1998-இல் வந்தது. பிரஷரை இறுக்கிக் கட்டுப்படுத்திய பிரிவினரின் சராசரி அழுத்தம் 144/82, மற்றவர்களுக்கு 154/87. இந்தச் சிறு வித்தியாசத்துக்கே விழித்திரைப் பாதிப்பு முற்றும் அபாயம் 34 சதவீதம் குறைந்தது. பிரஷர் மாத்திரைகளில் கேப்டோபிரில் சாப்பிட்டாலும் அட்டெனலால் சாப்பிட்டாலும் பலன் ஏறத்தாழ ஒன்றுதான். லோசார்டன், எனலாபிரில் வகைக்குத் தனிச் சிறப்பு உண்டா என்ற விவாதம் இருக்கிறது. கசிவைத் தூண்டும் புரதத்தைப் பெருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனை அவை அடக்குகின்றன. எந்த மாத்திரை என்பதை உங்கள் மருத்துவர் பார்த்துக்கொள்வார். என் கவலையெல்லாம் மேஜை இழுப்பறையில் தூங்கும் மாத்திரை அட்டையைப் பற்றியது.

அதற்காக நீங்களாகவே ஒரு மாத்திரை கூட்டிவிடாதீர்கள். பிரஷரின் மேல் அளவை 120-க்கும் கீழே இறக்கிப் பார்த்த அமெரிக்க ஆய்வில் கண்ணுக்குக் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை என்று 2010-இல் தெரிந்தது.

ஏற்கெனவே கசிந்து விழித்திரையில் தேங்கிய நீருக்கு மாத்திரை மட்டும் போதாது. அந்த அம்மாவுக்குக் கண்ணில் ஊசி போட வேண்டியிருந்தது. மூன்றாவது ஊசிக்கு வந்தபோது, புள்ளி வரிசை முக்கால்வாசி நேராகிவிட்டது என்றார். பிரஷர் மாத்திரை இப்போது மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது.